உங்களுக்குத் தெரியுமா? கணினியில் 0.1-க்கு முடிவே இல்லை!

முழு எண்ணைக் கணினி பயன்படுத்தும் இரும எண்ணாக்க 2-ஆல் வகுத்துக்கொண்டே போய், மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதுவோம்; 13 என்பது 1101 ஆகும். பின்னத்துக்கு வகுத்தல் அல்ல, பெருக்கல். 0.625-ஐ இரட்டித்தால் 1.25. முழுப்பகுதியான 1-ஐ எழுதிக்கொண்டு மிச்சம் 0.25-ஐ இரட்டித்தால் 0.5, இலக்கம் 0. மறுபடி இரட்டித்தால் 1. விடை 0.101, கச்சிதம்!

இப்போது 0.1-ஐ இரட்டித்துப் பாருங்கள்: 0.2, 0.4, 0.8, 1.6, மிச்சம் 0.6-ஐ இரட்டித்தால் 1.2, மிச்சம் 0.2, மறுபடியும் 0.4... 0.000110011 என்று சுழன்றுகொண்டே இருக்கும். எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும்.

அந்த வெட்டு உயிர்களையும் பறித்திருக்கிறது. வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு நொடிகளாக எண்ணி, 24 பிட்டில் வெட்டிய 0.1-ஆல் பெருக்கியது. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் கணக்கு சுமார் 0.34 நொடி பிசகியது. அதற்குள், அது தடுக்க வேண்டிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். 1991 பிப்ரவரி 25 அன்று தடுக்கப்படாமல் வந்து விழுந்த ஸ்கட், 28 அமெரிக்க வீரர்களைக் கொன்றது. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.