பூடில் குட்டி வாங்கப் போறீங்களா? முதல் இரண்டு மாதம் உஷார்!

சுருள் முடி, பொம்மை முகம்! பூடில் குட்டியைப் பார்த்ததும் தூக்கத் தோன்றும். ஆனால் எட்டு வாரம் முடியாத குட்டியை வாங்காதீங்க. மத்திய அரசின் 2017 விதிகளின்படி அதை விற்கவே கூடாது. "ஆறு வாரம்தான், நல்லா சாப்பிடுது சார்" என்று விற்பவர் சொன்னால் நடையைக் கட்டலாம்.

பெரிய பயம் பார்வோ வைரஸ்தான். வாந்தி, ரத்தப் பேதி எனத் தொடங்கி, சிகிச்சை தாமதமானால் சில நாட்களிலேயே உயிரைப் பறித்துவிடும். மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். செருப்பில் ஒட்டி வீட்டுக்குள்ளும் வரும்.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போடப்படும். ஏன் இத்தனை ஊசி? தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால், 'ஒரு ஊசி போட்டாச்சே' என்று தெருவில் இறக்கிவிடாதீங்க. ரேபிஸ் ஊசி தனி, மூன்று மாதத்தில்.

டாய் பூடில் என்றால் பட்டினி ஆகவே ஆகாது. சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே ரத்தச் சர்க்கரை இறங்கி குட்டி தள்ளாடும், வலிப்பும் வரலாம். தினமும் நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க. தள்ளாடினால் ஈறில் துளி தேன் தடவி, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்க. மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சாக்லேட், திராட்சை, வெங்காயம் கண்ணிலேயே காட்டாதீங்க.

முடி அதிகம் கொட்டாதாம், நிம்மதி என்கிறார்களே? கொட்டாத முடி சிக்குப் பிடிக்கும். தினமும் சீப்பு, மாதம் ஒருமுறை கத்தரி. இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கோங்க.