பெட்டிக்கு ஒரு நிரல்

2002-ல் அமெரிக்க ஹாம் இதழான க்யூஇஎக்ஸில் ஜெரால்டு யங்பிளட் மென்பொருள் ரேடியோ பற்றி ஒரு தொடர் எழுதினார். அதையொட்டி வந்த எஸ்டிஆர்-1000 கருவிக்கென்றே பிறந்தது பவர்எஸ்டிஆர் நிரல். கருவியைப் பேரலல் போர்ட் ஆட்டிவைக்கும். சிக்னல் சவுண்ட் கார்டு வழியாக ஸ்டீரியோ ஒலியைப் போலக் கணினிக்குள் வரும், ஒரு காதில் ஐ என்ற கூறு, மறு காதில் க்யூ என்ற கூறு.

பிறகு சாஃப்ட்ராக் கிட்டுகள் மலிவாக வந்தன. தொடக்கக் கிட்டுகளில் கிரிஸ்டல் ஒன்றுதான். அதிர்வெண்ணை மாற்ற வழி கிடையாது. பவர்எஸ்டிஆரோ ‘டியூன் செய்’ என்று ஆணையிடும் பழக்கமுள்ளது. ஆகவே மூல நிரலைத் திறந்து, அந்த ஆணைகளை வெட்டி, சவுண்ட் கார்டு தரும் 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸுக்குள் மட்டும் உலாவும்படி தனிப் பதிப்பே செய்தார்கள். இடதும் வலதும் மாறிவிட்டால் அலைமாலை கண்ணாடியில் பார்த்ததுபோல் புரண்டு நிற்கும். ‘ஐ, க்யூவை மாற்று’ என்ற பொத்தான் இன்றுவரை பல நிரல்களில் இருப்பதற்கு இந்தத் தொல்லையே காரணம். இத்தாலியரான ஆல்பெர்ட்டோ டி பெனேயின் வின்ராட் கொஞ்சம் புத்திசாலித்தனமாக ஒதுங்கிக்கொண்டது: எக்ஸ்ட்ஐஓ என்ற டிஎல்எல் கோப்பைக் கருவிக்காரர்களே எழுதித் தரட்டும் என்றது. விண்டோஸோடு நின்றுபோன ஏற்பாடுதான்; ஆனால் நல்ல ஏற்பாடு.

2012-ல் ரியல்டெக் சிப் உள்ள டிவி டாங்கிளைப் பொது ரிசீவராக்கலாம் என்பது தெரிந்தபின் கூட்டம் பெருகியது. ஹேக்ஆர்எஃப், ஏர்ஸ்பை, எஸ்டிஆர்ப்ளே என்று ஆளுக்கொரு கருவி. டாங்கிள் 0 முதல் 255 வரை எண்களை அனுப்பும். ஹேக்ஆர்எஃப் அதே எட்டு பிட்டைக் குறியோடு அனுப்பும். சில 16 பிட். இப்போது சோப்பிஎஸ்டிஆர் என்ற நடு அடுக்கு இவற்றையெல்லாம் ஒரே தசம வடிவாக்கி நிரலுக்குத் தருகிறது. நிரலில் கருவியின் பெயரை மாற்றினால் பெரும்பாலும் போதும்.

பெரும்பாலும்தான். கெயின் விஷயத்தில் இந்த ஒற்றுமை கிழிந்துவிடுகிறது. ஹேக்ஆர்எஃபில் ரிசீவர் பக்கம் மூன்று கட்டங்கள் உண்டு. ஒன்று 8 டெசிபெல் படிகளில் நகரும், இன்னொன்று 2 டெசிபெல் படிகளில், மூன்றாவது வெறும் சுவிட்ச். எஸ்டிஆர்ப்ளேயோ ‘எவ்வளவு குறைக்கட்டும்’ என்று கேட்கிறது. எண்ணைக் கூட்டினால் சிக்னல் தேயும். ஹேக்ஆர்எஃபின் மூன்று கட்டங்களையும் ஒரே நழுவுபட்டையில் அடக்கிக் காட்டும் நிரலைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே வருகிறது: பலமான எஃப்எம் நிலையத்தின் அருகே எந்தக் கட்டம் திணறுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எஸ்டிஆர்++ நிரலை எழுதியவருக்கும் இந்தச் சங்கடம் தட்டுப்பட்டிருக்கலாம். சோப்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டே, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி மாட்யூல் எழுதியிருக்கிறார். அதில் ஹேக்ஆர்எஃபைத் தேர்ந்தெடுத்தால் அதன் சுவிட்சும் இரண்டு பட்டைகளும் தனித்தனியாகவே திரையில் வந்து நிற்கின்றன.