நரி கேட்ட நேரம்

புதுச் செருப்பு கடிக்கும். நாலு நாள் போட்டு நடந்தால் "பழகிடுச்சு" என்போம். சந்தையிலிருந்து ஓட்டிவந்த மாடு முதல் வாரம் கொம்பை ஆட்டும்; பிறகு "ஆளு பழகிடுச்சு, இனிமே முட்டாது". பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்களைப் பற்றி விசாரித்தால் "நல்லாப் பழகுறாங்க" என்று பதில் வரும். தோலுக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே வினைச்சொல்தான். பழமை, பழக்கம் எல்லாம் இதன் உறவுக்காரச் சொற்கள். நாள் ஆக ஆகத்தான் ஒன்று நம்முடையதாகும் என்பதைச் சொல்லுக்குள்ளேயே நம் மொழி பொதிந்துவைத்திருக்கிறது.

பிரெஞ்சில் இதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு சொல் உண்டு: அப்ரிவ்வாஸே. காட்டு விலங்கைப் பழக்குவது என்று அகராதி பொருள் சொல்லும். அதன் வேர் லத்தீனில் 'தனக்குரியது' என்ற பொருள்கொண்ட சொல். அவர்கள் மொழி உரிமையைப் பிடித்துக்கொண்டது. நம் மொழி காலத்தைப் பிடித்துக்கொண்டது. இந்த இரண்டு சொற்களும் நேருக்கு நேர் சந்தித்த இடம் ஒரு சிறுவர் புத்தகம். அந்த்வான் து செந்த்-எக்சுபெரி எழுதி, தானே படமும் வரைந்து, 1943 ஏப்ரலில் நியூயார்க்கில் வெளியான 'குட்டி இளவரசன்'. பிரான்ஸில் அது புத்தகமாக வந்தது 1946இல். அப்போது ஆசிரியர் உயிரோடு இல்லை. 1944 ஜூலை 31 அன்று வேவு விமானத்தில் கிளம்பியவர் திரும்பவில்லை. தமிழில் 1981இல் க்ரியா வெளியிட்டது. மொழிபெயர்த்தவர்கள் வெ. ஸ்ரீராமும் புதுச்சேரியைச் சேர்ந்த ச. மதனகல்யாணியும்.

புதுச்சேரி என்பதில் எனக்கு வியப்பில்லை. இது இரண்டு மொழி தெரிந்து இடையில் நின்று பேசிய துபாஷிகளின் ஊர். ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே இரண்டு மொழிகளுக்கு நடுவில் நிற்பது இங்கே ஒரு பிழைப்பு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியம் வாங்கும் பெரியவரை இன்றும் 'சொல்தா' என்கிறோம். அந்தச் சொல் இங்கேயே பழகிப்போய்விட்டது.

கதையில் ஒரு சின்னஞ்சிறு கோளிலிருந்து, தன் ஒற்றை ரோஜாவை விட்டுவிட்டு, ஒரு பையன் பூமிக்கு வருகிறான். நரி ஒன்றைச் சந்திக்கிறான். விளையாட வா என்று கூப்பிட்டால் நரி மறுக்கிறது. தன்னை இன்னும் யாரும் பழக்கவில்லையாம். எப்படிப் பழக்குவது என்று அதுவே சொல்லிக்கொடுக்கிறது. சற்றுத் தள்ளிப் புல்லில் உட்கார வேண்டும். பேசக் கூடாது. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்க வேண்டும். தினமும் ஒரே நேரத்துக்கு வர வேண்டும்.

சிறு வயதில் மாயக்கதை என்றுதான் படித்தேன். பிறகு விலங்குகளின் நடத்தை பற்றிப் படிக்கப் படிக்க, அந்த நரி சொன்னதை அப்படியே ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டலாம் என்று தோன்றியது.

முதலில் நரி யார் என்று பார்த்துவிடலாம். நம் நரி காக்காயிடம் வடை பறித்த நரி, தந்திரக்காரன். அதே சமயம் நரி முகத்தில் விழித்தால் யோகம் என்றும் நம்புகிறோம். சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்தில் அந்த நம்பிக்கைக்காகவே பொங்கல் சமயத்தில் வங்கா நரியைப் பிடித்துவந்து ஓடவிடும் வழக்கம் இருந்தது. வனத்துறை அபராதம் போட்டுத் தடுத்துவருகிறது. தடுக்கத்தான் வேண்டும், வலையில் சிக்கிய விலங்கின் முகத்தில் யோகம் எங்கிருந்து வரும்?

செந்த்-எக்சுபெரியின் நரி வேறு. படத்தில் அதன் காதுகளைப் பாருங்கள், உடம்புக்குப் பொருந்தாத நீளம். அது சகாராவின் ஃபெனெக் நரி. ஒன்று, ஒன்றரைக் கிலோதான் எடை. காது மட்டும் 15 செ.மீ. வரை போகும். மணலுக்கு அடியில் வண்டு ஊர்வதைக் கேட்பதற்கும், ரத்தத்தின் சூட்டைக் காற்றில் விடுவதற்கும் அந்தக் காது. 1927இல் செந்த்-எக்சுபெரி மொராக்கோவின் தெற்கே கேப் ஜூபி என்ற பாலைவனத் தபால் விமான நிலையத்துக்குப் பொறுப்பாளராகப் போனார். அங்கே ஒரு ஃபெனெக் வளர்த்தார். தங்கைக்கு எழுதிய கடிதத்தில் அதன் அழகையும், கொஞ்சமும் அடங்காமல் சிங்கம் மாதிரி உறுமுவதையும் சேர்த்தே சொல்கிறார். அதாவது, அவருடைய சொந்த நரி பழகவே இல்லை.

1935 டிசம்பர் 30 அன்று பாரிஸிலிருந்து சைகோனுக்குப் பறந்தபோது அவருடைய விமானம் லிபியப் பாலைவனத்தில் விழுந்தது. அவரும் மெக்கானிக் ப்ரெவோவும் தண்ணீரில்லாமல் நாட்கணக்கில் நடந்தார்கள். கடைசியில் ஒரு பெதூயின் காப்பாற்றினார். அந்த நிலையிலும் மனுஷர் மணலில் ஃபெனெக்கின் காலடித் தடத்தைப் பின்தொடர்ந்து போயிருக்கிறார். குத்துச்செடிகளில் நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நரி ஒரு செடியில் இரண்டு மூன்றை மட்டும் தின்றுவிட்டு அடுத்த செடிக்குப் போயிருக்கிறது. எந்தச் செடியையும் அது மொட்டையடிக்கவில்லை. நாக்கு வறண்டு சாகக் கிடப்பவர் இதைக் கவனித்துப் பின்னால் 'மனிதர்களின் பூமி' என்ற நூலில் பதிவுசெய்தார். புத்தக நரியின் பொறுமை இந்த நரியிடமிருந்து வந்தது என்று நான் நம்புகிறேன்.

சரி, ஏன் தள்ளி உட்கார வேண்டும்? சுவிஸ் விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் விலங்குக்காட்சிச் சாலைகளை நிர்வகித்தவர். ஒவ்வொரு விலங்குக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருக்கிறது, அதற்குள் கால்வைத்தால்தான் அது ஓடும் என்று காட்டினார். ஓடும் தூரம் என்று அதைச் சொல்லலாம். அந்த வட்டத்துக்கு வெளியே ஒருவர் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனால் விலங்கின் மூளை ஒரு கணக்குப் போடுகிறது: வந்தான், ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை. வட்டம் சுருங்குகிறது.

இந்தக் கணக்கு நரம்பில் எப்படி நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எரிக் கேண்டல் கடல் நத்தை இனமான அப்லீசியாவை எடுத்துக்கொண்டார். அதற்கு மொத்தமே சுமார் 20,000 நரம்பணுக்கள்தான். நமக்கோ பல ஆயிரம் கோடி. அதன் நீர்க்குழலை லேசாகத் தொட்டால் செவுளைச் சட்டென்று உள்ளிழுக்கும். திரும்பத் திரும்பத் தொட்டால் இழுப்பது குறையும். காரணம், தொடுகையை உணரும் நரம்பின் நுனி அடுத்த நரம்புக்கு அனுப்பும் ரசாயனத் தூதின் அளவு ஒவ்வொரு தடவையும் குறைகிறது. பழகுவது என்பது நரம்பு நுனியில் நடக்கிற ஒரு பருப்பொருள் மாற்றம். 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. நரம்பே இல்லாத தொட்டாற்சுருங்கிகூட இதைச் செய்யும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் தேஃபோன்தேன் தொட்டாற்சுருங்கித் தொட்டிகளைக் குதிரைவண்டியில் ஏற்றிப் பாரிஸ் வீதிகளில் ஓட்டச் செய்தார். முதல் குலுக்கலில் எல்லா இலையும் மூடிக்கொண்டது. வண்டி குலுங்கக் குலுங்கவே பிறகு திறந்துகொண்டது.

பயம் போவது பாதிக் கதைதான். பயமில்லாத இரண்டு பேர் நண்பர்களாகிவிட மாட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் தினம் பார்க்கிறோமே. மீதிப் பாதிக்குத்தான் நரி நேரம் கேட்கிறது. நாலு மணிக்கு வருகிறவன் என்று தெரிந்தால் மூன்று மணிக்கே சந்தோஷம் தொடங்கிவிடும் என்பது அதன் வாதம்.

1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் நரம்பணுக்களைக் கவனித்தார். விளக்கு எரியும், சிறிது நேரத்தில் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழும். ஆரம்பத்தில் சாறு விழுந்ததும் நரம்பணுக்கள் துள்ளின. பழகிய பிறகு சாறு விழும்போது சலனமே இல்லை; விளக்கு எரிந்த கணத்தில் துள்ளின. மகிழ்ச்சி முன்னால் நகர்ந்து காத்திருப்பின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதைவிட வியப்பானது இன்னொன்று. விளக்கு எரிந்து, சாறு வராமல் போனால், சாறு வந்திருக்க வேண்டிய அதே நொடியில் நரம்பணுக்கள் வழக்கமான துடிப்பையும் நிறுத்திக்கொண்டு ஓய்ந்தன. ஒருவர் வராமல் போனதை மூளை நேரம் பிசகாமல் குறித்துக்கொள்கிறது. கண்ட நேரத்துக்கு வந்தால் மனசை எப்போது தயார்செய்வது என்று நரி கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இதைக் கடற்கரைச் சாலையில் பார்த்திருக்கிறேன். மாலையிலிருந்து காலைவரை வண்டிகளை விடாத சாலை அது; அந்த நேரத்தில் நடப்பவர்களுக்கும் நாய்களுக்கும் சொந்தம். காந்தி சிலைக்குத் தெற்கே கட்டைச்சுவரில் ஒரு பாட்டி வந்து உட்காருவார். பழுப்பு நிற நாய், இடது காது கிழிந்தது, முதலில் இரண்டு விளக்குக் கம்பம் தள்ளி நிற்கும். பாட்டி கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் ஒரு கம்பம். ஒரு நாள் கை எட்டும் தூரத்தில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. முதுகைக் காட்டுவது நாய்க்குச் சின்ன விஷயமில்லை. கிழிந்த காது மட்டும் அவர் பக்கம் திரும்பியிருந்தது. கொல்கத்தாவின் ஐசர் நிறுவனத்தில் தெருநாய்களை ஆராயும் அனிந்திதா பத்ராவின் குழு 2017இல் இந்த நம்பிக்கையை அளந்து சொன்னது: முன்பின் தெரியாத மனிதரை நாய்கள் நம்புவதற்கு, கூடுதலாகப் போடும் தீனியைவிடத் தலையை வருடிக்கொடுப்பதுதான் நாளடைவில் அதிகம் உதவியது.

ஆனால் பழகிய நரியின் குட்டி பழகிய நரியாகப் பிறக்காது. செந்த்-எக்சுபெரியின் ஃபெனெக் உறுமியதற்கு விளக்கம் இங்கே இருக்கிறது. 1959இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயெவும் லுட்மிலா த்ரூத்தும் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். ரோமப் பண்ணையின் வெள்ளி நரிகளில், மனிதரைக் கண்டு குறைவாக அஞ்சுபவற்றை மட்டும் தேர்ந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் அவற்றையே இனப்பெருக்கம் செய்யவிட்டார்கள். பழக்குவதற்கென்று யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. நான்காம் தலைமுறையில் ஒரு குட்டி வாலாட்டியது. ஆறாம் தலைமுறையில் சில குட்டிகள் மனிதரைத் தேடி முனகின, கையை நக்கின. பத்தாம் தலைமுறையில் அப்படிப்பட்டவை 18 சதவீதம். இருபதாம் தலைமுறையில் 35. குட்டிகளுக்கு உலகம் பயமாகத் தெரியத் தொடங்கும் வயது சாதாரண நரிகளில் ஆறு வாரம். இவற்றில் ஒன்பது வாரமோ அதற்கு மேலோ. அந்தக் கூடுதல் மூன்று வாரம்தான் பெரிய மாற்றம். அந்தக் கதவு திறந்திருக்கும்போது யார் உள்ளே வருகிறார்களோ அவர்கள் சொந்தக்காரர்கள். அந்த நரிகளின் மூதாதையர் கனடாவின் பண்ணைகளில் ஏற்கெனவே பல தலைமுறை மனிதர் கையில் வளர்ந்தவை என்பதை 2019இல் ஓர் ஆய்வு நினைவூட்டியது. காட்டிலிருந்து நேராக வந்து பத்தே தலைமுறையில் மாறிவிட்டன என்று சொல்வது சரியாகாது.

மனிதக் குட்டிகளுக்குக் கதவு அவ்வளவு சீக்கிரம் சாத்திக்கொள்வதில்லை. ஆனால் நேரம் பிடிக்கிறது. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் இதைக் கணக்கிட்டார். புது ஊருக்கு வந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் கேட்டதில், அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். சேர்ந்து வேலைபார்த்த மணிகள் அவ்வளவாகக் கணக்கில் ஏறவில்லை. சும்மா பேசிக்கொண்டிருந்தது, விளையாடியது, திண்ணையில் உட்கார்ந்திருந்தது எல்லாம் ஏறியது. புதிதாகப் பள்ளி மாறிவந்த பிள்ளை "எனக்கு யாருமே இல்லை" என்று அழும்போது, பெற்றோர் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையிடம் குறை எதுவும் இல்லை. ஐம்பது மணி நேரம் இன்னும் ஆகவில்லை.

பழகப் பழகத்தான் நட்பு என்பதற்கு நம்மிடமே ஒரு மறுப்பு உண்டு. வள்ளுவர் நட்புக்கு அடுத்தடுத்து அதிகாரங்கள் வைத்து அதில் ஒன்றுக்குப் 'பழைமை' என்றே பெயர் கொடுத்தார், எண்பத்தொன்றாவது. ஆனால் நட்புக்குக் கூடிப் பழகியிருக்க வேண்டியதில்லை என்று சொன்னவரும் அவரே. புறநானூற்றில் கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் நண்பர்கள், ஆனால் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருக்கும்போது ஆந்தையாருக்கும் ஓர் இடம் விட்டுவையுங்கள் என்கிறான். சுற்றியிருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். அவர் வந்தார்.

ஷுல்ட்ஸின் குரங்குக்கு விளக்கு வேண்டியிருந்தது. பையன் வரும் நேரம் தெரிந்தால்தான் நரிக்கு மூன்று மணி இனிக்கும். சோழனுக்கு எந்த அடையாளமும் இல்லை, நேரமும் குறிக்கப்படவில்லை. காதில் விழுந்த செய்திகளையும் பாட்டையும் கொண்டே மனித மூளை ஒரு முழு நண்பரைத் தனக்குள் உருவாக்கி, அவர் வருகைக்காக இடம் ஒதுக்கிவிடுகிறது. முகம் பார்த்திராத எழுத்தாளரை ஒரு பத்து வயதுப் பிள்ளை தன்னுடையவராக்கிக்கொள்வதும் இந்தத் திறமையால்தான்.

இந்தக் கதையைப் 'பிசிராந்தையார்' என்று நாடகமாக எழுதியவர் புதுச்சேரிக்காரர், பாரதிதாசன். அவர் 1964இல் மறைந்த பிறகு, 1969ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அந்த நாடகத்துக்குக் கிடைத்தது. அவர் வாழ்ந்த வீடு பெருமாள் கோயில் வீதியில் நினைவில்லமாக இருக்கிறது. கடற்கரைச் சாலையில் பாட்டியும் நாயும் உட்காரும் இடத்திலிருந்து பெரிய வாய்க்காலைத் தாண்டி நடந்தே போய்விடலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் விடியலில் கிளம்பி முதலில் கடற்கரைக்கு வாருங்கள். இரண்டு விளக்குக் கம்பம் தள்ளி உட்காருங்கள்.