ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தாச்சா?

அம்பாசிடர் ஓட்டிய வாடகைக் கார் டிரைவர் காலையில் சாவி போடுவதற்கு முன் பானெட்டைத் தூக்குவார். டிப் ஸ்டிக்கை இழுத்து ஆயில் பார்ப்பார். ரேடியேட்டர் மூடியைத் திருகித் தண்ணீர் பார்ப்பார், குறைந்திருந்தால் ஊற்றுவார். மலைச் சவாரி என்றால் டிக்கியில் ஒரு கேன் தண்ணீரும் ஏறும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. குடும்பத்தையும் பெட்டிகளையும் சுமந்து இரண்டாம் கியரில் முக்கி முனகி ஏறும் வண்டி நடுவழியில் கொதிக்கும் என்பது ஏறும்போதே எல்லாருக்கும் தெரியும். பாறையில் ஊற்றுநீர் வழியும் இடமாகப் பார்த்து ஓரம் கட்டுவார்கள். ஆவி அடங்கும்வரை காத்திருந்து, மடித்த ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லத் திறப்பார்கள். இன்ஜினை ஓடவிட்டபடியே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். சூடான இரும்பில் பச்சைத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் வெடிப்பு விடும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை.

கொதித்ததற்கு வண்டியின் வயது மட்டும் காரணமல்ல. அந்த 1489 சிசி இன்ஜினில் ஃபேன், பெல்ட் வழியாக இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும். நெரிசலில் நின்றால் ஃபேனும் சோம்பிவிடும். மலையிலோ சுமை முழுசு, எதிர்க்காற்று குறைவு. அதோடு உயரம் கூடக்கூடத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடிக்கு உள்ள வேலையே இதைத் தடுப்பதுதான். குக்கர் வெயிட்டைப் போல அழுத்தத்தை உள்ளே பிடித்துவைத்து, கொதிநிலையை மேலே தள்ளுகிறது. மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. சில ரூபாய் மூடிக்காக இன்ஜினையே பிரித்த கதைகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

ஆனாலும் அந்த வண்டி மன்னித்தது. பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. ஒன்றிரண்டு முறை கொதித்தாலும் ஆறவிட்டுக் கிளம்பலாம். சின்ன ஓட்டை என்றால் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டு ஊர்வரை சமாளித்தவர்கள் ஏராளம்.

ஊர் வந்ததும் வண்டி போய் நிற்குமிடம் ரேடியேட்டர் பட்டறை. பித்தளைத் தொட்டியை நெருப்புக் காட்டிக் கழற்றி, உப்புத் தண்ணீர் பாறையாய்ப் படிந்த குழாய்களுக்குள் தட்டையான கம்பியை விட்டுக் குத்துவார்கள். வெண்மையும் துருவுமாகக் கட்டி கட்டியாய் உதிரும். மறுபடி ஈயம் வைத்துப் பூட்டி, வாய்களை அடைத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். எங்கே குமிழி கிளம்புகிறதோ அங்கே ஓட்டை. அந்த இடத்தில் அடையாளம் போட்டு, துடைத்து, பற்றவைத்து, மறுபடி முக்குவார்கள். குமிழி நின்றால்தான் ரேடியேட்டர் வெளியே போகும். நான் பார்த்த நேர்மையான சோதனைகளில் அது ஒன்று.

1983-ல் மாருதி 800 வந்தபிறகு காட்சி மாறத் தொடங்கியது. ஃபேன் மின்சாரத்துக்கு மாறியது. தண்ணீர் சூடானால் தானே சுற்றும், ஆறினால் நிற்கும். அலுமினிய ஹெட் வந்தது. அடுத்தடுத்த வண்டிகளில் பித்தளை ரேடியேட்டர் போய், அலுமினியக் கூட்டின் இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி மடித்துப் பிடித்த ரேடியேட்டர் வந்தது. தண்ணீருக்குப் பதில் கூலண்ட். எத்திலீன் கிளைக்கால் பாதி, சுத்தத் தண்ணீர் பாதி. நல்ல மூடியோடு அது 125 டிகிரிக்கும் மேல்தான் கொதிக்கும், உள்ளே துருப்பிடிக்கவும் விடாது. இன்று மலைப்பாதையில் பானெட்டைத் தூக்கி வைத்த கார்களை அரிதாகத்தான் பார்க்க முடிகிறது. பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை.

என் கவலை வேறு. பழைய வண்டி கொதித்தால் ஊருக்கே தெரியும். புதிய வண்டி கசிவதுகூட ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. பிளாஸ்டிக் தொட்டியின் மடிப்பில் விழும் மயிரிழை விரிசலில் கசியும் கூலண்ட் சூட்டிலேயே காய்ந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு பொருக்கை மட்டும் விட்டுச்செல்லும். சொட்டினாலும் அடித்தட்டு வாங்கிக்கொள்ளும், தரை நனையாது. பல சின்ன கார்களில் வெப்பநிலை காட்டும் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். முள் இருக்கும் கார்களிலும் அது பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். கூலண்ட் முழுக்க வடிந்துவிட்டால் சென்சார் வெறுங்காற்றில் நின்று தவறான கணக்குச் சொல்லும், முள் இறங்கக்கூடச் செய்யலாம். சிவப்பு விளக்கு எரிந்தபின் “பக்கத்துல மெக்கானிக் கடைதானே” என்று ஓட்டிப்போகிற அந்தச் சில கிலோமீட்டர் போதும், ஹெட் வளைந்துவிடும். முள்ளை எல்லா காரிலும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண்டுபிடிக்கும் முறை நுணுக்கமாகியிருக்கிறது, அடிப்படை அதேதான். பட்டறைக்காரர் தொட்டியில் முக்கியதை இன்று வண்டியிலேயே செய்கிறார்கள். மூடி இருந்த இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்திருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றி, காட்டி இறங்குகிறதா என்று காத்திருப்பார்கள். இறங்கினால் டார்ச்சோடு தேடல்: ஹோஸ் கிளிப், வாட்டர் பம்பின் அடித்துளை, முன் சீட்டுக் கால்மிதி. கால்மிதி ஈரமாகி உள்ளே இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் கசிகிறது. வெளியே எங்கும் ஈரமில்லாமல் கூலண்ட் மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் ஊற்றிய குழாயை வைத்து உள்ளிருக்கும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். நீலம் மஞ்சளானால் எரிந்த புகை தண்ணீரில் கலக்கிறது, ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

ஒரு பழக்கம் மட்டும் அம்பாசிடர் காலத்திலிருந்து அப்படியே வந்துவிட்டது. ஹீட் ஆகிறது என்றால் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிவது. “நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்?” என்று இன்றும் சொல்கிறார்கள். ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும்படி செய்த வால்வு அது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் திரும்பி, சூடு அதிகமாகவே செய்யும். இன்றைய காரின் கம்ப்யூட்டர் இதைக் கண்டுகொள்கிறது. இன்ஜின் எதிர்பார்த்த நேரத்தில் சூடேறவில்லை என்றால் ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் குறியீடு வந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகும் வால்வைப் போடாமல் குறியீட்டை மட்டும் அழித்து அனுப்புவது வண்டிக்காரருக்குச் செய்யும் துரோகம்.

போர் தண்ணீர் ஊற்றும் வழக்கமும் ஒழிய வேண்டும். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் சரி, ஊர் சேர்ந்ததும் வடித்துவிட்டு, கம்பெனி புத்தகத்தில் சொன்ன கூலண்டை நிரப்ப வேண்டும். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று வேறு வகையைக் கலக்கக் கூடாது. வாரம் ஒரு தரம், வண்டி ஆறியிருக்கும்போது, வெளியே தெரியும் ரிசர்வ் டப்பாவில் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பார்த்தால் போதும். மூடியைத் தொடக்கூட வேண்டாம்.

அன்று வடித்த தண்ணீரைச் சாலையோரம் கொட்டினார்கள், மண் குடித்துக்கொண்டது. இன்றைய கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். சாக்கடையோரம் தேங்கியதை நாய் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். வடிக்கும்போது அடியில் ஒரு தட்டு வையுங்கள். கேனில் அடைத்து, பழைய ஆயிலைச் சேர்த்துவைக்கும் சர்வீஸ் சென்டரில் இதையும் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.