எத்தனை மில்லி என்று மட்டும் கேட்காதீர்கள்

கிளினிக்கில் உதவியாளராகச் சேருகிறவர்கள் முதல் வாரமே மருந்துகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். தேவைதான். ஆனால் பெயருக்கும் முன்னால் கண் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. லேபிளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் செறிவுதான் அது. ஒரு மி.லி.யில், அல்லது 5 மி.லி.யில், எத்தனை மி.கி. மருந்து கரைந்திருக்கிறது என்று அது சொல்லும். டாக்டர் தீர்மானிக்கிற டோஸ் மி.கி.யில் இருக்கும், நாம் ஊற்றுவதோ மி.லி.யில். இரண்டுக்கும் நடுவே பாலமாக இருப்பது அந்தப் பொடி எழுத்து.

எல்லோருக்கும் தெரிந்த பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு, கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி. வரை கொடுப்பது வழக்கம். 10 கிலோ குழந்தைக்கு டாக்டர் 150 மி.கி. எழுதுகிறார் என்று வையுங்கள். கடையில் ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. இருக்கும், இன்னொன்றில் அதே 5 மி.லி.க்கு 250 மி.கி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். வேண்டிய மி.கி.யை பாட்டிலில் உள்ள மி.கி.யால் வகுத்து, அது எத்தனை மி.லி.யில் இருக்கிறதோ அதனால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் சிரப்பில் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., சொட்டு மருந்தில் 1.5 மி.லி. வரும். மூன்றும் சரியான விடைதான்.

“போன தடவை ஆறு மில்லி குடுத்தோம்” என்று அம்மா சொல்வார். அதை நம்பிச் சொட்டு மருந்தில் 6 மி.லி. அளந்தால் 600 மி.கி. ஆகிவிடும். நாள் முழுவதற்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய அளவு ஒரே வேளையில் உள்ளே போய்விடும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் இதுவே தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது. இதில் ஏமாற்றுவது என்னவென்றால், கல்லீரல் பாதிக்கப்படத் தொடங்கிய முதல் நாளில் குழந்தை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீனோ சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப் பலன் தரும். அதனால் அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், “நல்லாத்தானே விளையாடுறான்” என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது; உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சளிக்கான பல சிரப்புகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். வீட்டில் வேறு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பது இதற்காகத்தான்.

ஆறு மணி நேர இடைவெளி எதற்கு? ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். பாராசிட்டமாலுக்கு அது சுமார் 2 முதல் 3 மணி நேரம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபினுக்கோ 30 மணி நேரத்துக்கும் மேல். அதனால்தான் நாளைக்கு ஒரு மாத்திரை போதுமாகிறது. “நேத்து போட மறந்துட்டேம்மா, இன்னைக்கு ரெண்டா போட்டுக்கவா?” என்று கேட்கும் பெரியவருக்கு, “வேணாங்க ஐயா, வழக்கம்போல ஒண்ணே போடுங்க” என்று சொல்ல இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும்.

என்னைக் கேட்டால், நம் ஊரில் மிகவும் கவனிக்க வேண்டியது இன்சுலின். இந்தியாவில் இன்சுலின் குப்பிகள் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு செறிவுகளில் விற்கின்றன. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் பார்த்தால் இரண்டு நிறமும் ஒன்றுபோலத்தான் தெரியும். இப்படி நிறம் பிரித்தவர்களைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் கால் மி.லி. ஏறும். உள்ளே இருப்பது 100 யூனிட் இன்சுலின் என்றால் அந்தக் கால் மி.லி.யில் 25 யூனிட் இருக்கும். அதாவது இரண்டரை மடங்கு. சர்க்கரை சடாரென்று இறங்கி, வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பும் அளவுக்குப் போகலாம். மாற்றி நடந்தால், 10 யூனிட் போட வேண்டியவருக்கு 4 யூனிட்தான் போகும். அவருக்குச் சர்க்கரை ஏன் குறையவில்லை என்று ஒருவருக்கும் புரியாது. மூடியைக் கழற்றிய பிறகு நிறமும் கையில் இல்லை. எனவே குப்பியில் அச்சிட்ட எண்ணையும் சிரிஞ்சில் அச்சிட்ட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, வாய்விட்டுப் படியுங்கள்.

குறித்து வைப்பதிலும் கவனம் வேண்டும். 5 மி.கி. என்பதை 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கியதும் அது 50. அரை மி.கி.யை .5 என்று எழுதினால் 5 ஆகிவிடும், 0.5 என்றே எழுதுங்கள். யூனிட் என்பதை U என்று ஓர் எழுத்தாகச் சுருக்கினால் அது சுழியமாகத் தெரியும். தைராய்டு மாத்திரை மைக்ரோ கிராமில் வருவது, மி.கி. என்று குறித்தால் ஆயிரம் மடங்கு. மெத்தோட்ரெக்சேட்டை மூட்டுவாதத்துக்கு எழுதும்போது வாரம் ஒரு முறைதான். அது தினமும் என்று மாறினால் உயிருக்கே ஆபத்து. அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை நீர்க்கச் செய்யாமல் ரத்த நாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதை மற்ற ஆம்பூல்களோடு ஒரே தட்டில் வைக்கவே கூடாது.

டோஸைத் தீர்மானிப்பது டாக்டர். அதை மாற்ற உதவியாளருக்கு அதிகாரம் இல்லை. கேட்கும் உரிமை உண்டு. “டாக்டர், குழந்தை 10 கிலோ, 150 மி.கி. எழுதியிருக்கீங்க, இந்த சிரப்ல 3 மி.லி. வருது, சரிதானே?” என்று எடை, மி.கி., மி.லி. மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். அவர் எரிந்து விழுந்தாலும் பரவாயில்லை, பதில் வரும் வரை மருந்தைக் கொடுக்காதீர்கள்.