கடைசி வாரத்தில் கைமாற வேண்டியவை

அரசு நிர்வாகத்தைக் களத்தில் நின்று கற்பதற்காக மாவட்டங்களுக்கு வரும் இளைஞர்கள் பல வகையினர். முசூரியிலுள்ள லால் பகதூர் சாஸ்திரி தேசிய நிர்வாக அகாதெமியில் முதற்கட்டப் பயிற்சியை முடித்துவிட்டு, ஏறத்தாழ ஓராண்டு மாவட்டப் பயிற்சிக்கு அனுப்பப்படும் இந்திய ஆட்சிப் பணி அலுவலர்கள், தமிழ்நாட்டில் ‘உதவி ஆட்சியர் (பயிற்சி)’ என்ற பெயருடன் கிராம நிர்வாக அலுவலகம் தொடங்கி வட்டாட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், கருவூலம், காவல்துறை என ஒவ்வோர் அலுவலகமாகச் சென்று வேலை பழகுகிறார்கள். 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் தேர்வு பெறுவோர் இரண்டாண்டுகள் அரசுத் துறைகளோடு இணைந்து பணியாற்றுகிறார்கள். வேளாண் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் ஊரக வேளாண் பணி அனுபவப் பயிற்சிக்காகவும், சமூகப்பணி படிக்கும் முதுகலை மாணவர்கள் களப்பணிக்காகவும் கிராமங்களுக்கு வருகிறார்கள். ஊதியமும் காலமும் அதிகாரமும் வேறுவேறாக இருந்தாலும், இவர்களுடைய பயிற்சியின் கடைசி வாரம் மட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கழிகிறது.

அறிக்கையைத் தட்டச்சு செய்து பைண்டிங்குக்குக் கொடுப்பது, பயிற்சிக் குறிப்பேட்டில் விடுபட்ட கையெழுத்துகளை வாங்குவது, நிறைவுச் சான்றிதழுக்காக அலுவலகத்தில் காத்திருப்பது, கடைசி நாளில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வது என்று அந்த வாரம் முடிந்துவிடும். நிரந்தர அலுவலர் ஒருவர் மாறுதலாகிப் போகும்போது ‘பொறுப்பு ஒப்படைப்பு’ என்றொரு நடைமுறை உண்டு. நிலுவைக் கோப்புகள், பதிவேடுகள், சாவி, ரொக்கம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அடுத்து வருபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்த பிறகே அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். பயிற்சிக்கு வந்தவரிடம் பொதுவாகத் தனிப்பொறுப்பு எதுவும் இருப்பதில்லை என்பதால், அவர் ஒப்படைக்க வேண்டியதும் எதுவுமில்லை என்றே கருதப்படுகிறது. இந்தக் கருத்து பிழையானது. பயிற்சியாளரின் கையில் கோப்பு இல்லாமல் இருக்கலாம். ஆனால், அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு நடந்துபோய்ப் பார்க்க நேரம் வாய்க்காத ஊர்களைப் பற்றிய அறிவு அவரிடம் இருக்கிறது, அவர் ஊருக்குப் புறப்படும் நாளில் அதுவும் அவரோடு புறப்பட்டுவிடுகிறது.

இந்த இழப்பு எந்த மாவட்டத்திலும் வருந்தத்தக்கதுதான் என்றாலும், கள்ளக்குறிச்சியில் அது கூடுதலாக உறுத்துகிறது. விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கிய இந்த இளம் மாவட்டத்தின் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை எழுந்து நிற்கிறது. கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையின் பக்கமாக ஏறும் சாலை வெள்ளிமலைக்குப் போகிறது. அதைச் சுற்றிக் கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என்று ஊர்களும், அவற்றிலிருந்து கிளை பிரியும் பாதைகளின் முனைகளில் சின்னஞ்சிறு குக்கிராமங்களும் இருக்கின்றன. இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் பழங்குடியினரான மலையாளிகள். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் இந்தப் பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. தமிழே இவர்கள் பேசும் மொழி. சாமையும் தினையும் மரவள்ளியும் இவர்களுடைய பயிர்கள்.

நாடு விடுதலை பெற்ற பிறகும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்த மலை ஜாகீர்தார்களின் பிடியிலேயே இருந்தது. ஜாகீர் என்பது ஒரு நிலப்பகுதியின் வருவாயை அனுபவிக்கும் உரிமை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகிய மூவரின் பெயரால் அறியப்பட்ட ஜாகீர்களில் மக்கள் வரியும் செலுத்தி, கூலியில்லா உழைப்பும் தர வேண்டியிருந்தது. 1976இல்தான் அரசு மலையைத் தன் நேரடி நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தது. சமவெளி உழவர்கள் பல தலைமுறைகளாகக் கையில் வைத்திருக்கும் பட்டாவும் சிட்டாவும் மலைக்குக் காலம் தாழ்ந்து வந்ததற்கு இந்த வரலாறே முதன்மையான காரணம். ஆவணம் பிந்திவந்த ஓர் இடத்தில், எந்தக் குடும்பம் எந்த நிலத்தை எத்தனை காலமாக உழுகிறது என்பதை நேரில் கேட்டு எழுதியவரின் குறிப்பேடு வெறும் பயிற்சிக் குறிப்பாக இருப்பதில்லை.

எழுதி வைத்துவிட்டுப் போனவர்களின் பணி எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இந்தப் பகுதியிலேயே சான்று உண்டு. 1878இல் கார்ஸ்டின் தொகுத்த தென்னாற்காடு மாவட்டக் கையேடும், 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மாவட்ட விவரச்சுவடியும் இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல்கள். அவை ஆட்சியாளரின் கண்கொண்டு எழுதப்பட்டவை, மலைமக்களின் குரல் அவற்றில் மிகக் குறைவு என்ற குறை உண்மையானதே. ஆயினும், பார்த்ததை அடுத்தவருக்காக ஒழுங்குபடுத்தி வைக்க வேண்டும் என்ற கடமையுணர்வைக் குறை சொல்ல முடியாது.

பயிற்சியாளர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் வளர்ச்சித்துறை அறிஞர் ராபர்ட் சேம்பர்ஸ், 1983இல் வெளிவந்த தம் நூலில், வெளியிலிருந்து வருவோர் கிராமங்களைத் தார்ச்சாலையை ஒட்டியே பார்க்கிறார்கள், அதுவும் மழையில்லாத மாதங்களில் பார்க்கிறார்கள், ஆகவே வறுமையின் கடுமையான முகம் அவர்கள் கண்ணில் படுவதில்லை என்று விளக்கினார். கல்வராயன் மலைக்கு இது அப்படியே பொருந்தும். ஜீப் போகும் ஊரும், ஜீப்பை நிறுத்திவிட்டு ஓடையைத் தாண்டி நடக்க வேண்டிய ஊரும் அறிக்கையில் ஒரே அட்டவணையில் வந்தாலும், பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவமனை போக வேண்டிய பெண்ணுக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. ஐப்பசி மழையில் அந்தத் தொலைவு மேலும் நீளும்.

இதே சேம்பர்ஸின் எழுத்துகளால் பரவிய ‘பங்கேற்பு ஊரக மதிப்பீடு’ என்னும் முறை இன்று நம் கல்லூரிப் பயிற்சிகளிலும் இடம்பெறுகிறது. ஊர் மக்களே தங்கள் ஊரைப் பற்றிய விவரங்களை வரைந்தும் எண்ணியும் சொல்ல, வந்தவர்கள் கேட்டுப் பதிவு செய்வது இதன் அடிப்படை. கோயில் முன்புள்ள மண்தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கோலமாவாலும் வண்ணப் பொடியாலும் ஊரின் வரைபடம் போடப்படும். நீலப் பொடி ஓடையாகவும், பச்சை காடாகவும், செங்கல் துண்டுகள் வீடுகளாகவும் மாறும். முதலில் ஒதுங்கி நிற்கும் பெண்கள் சிறிது நேரத்தில் அருகில் வந்து, கிணற்றை இடம் மாற்றி வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டி, கோடையில் தண்ணீர் எடுக்கும் ஊற்று எங்கே இருக்கிறது என்று தாங்களே பொடியை அள்ளிப் போடுவார்கள். அந்த ஊற்று எந்த அரசுப் பதிவேட்டிலும் இருந்திருக்காது. மாணவர்கள் அதைப் படமெடுத்து அறிக்கையில் ஒட்டிக்கொள்வார்கள், அறிக்கை கல்லூரிக்குப் போய்விடும், தரையில் கிடக்கும் வரைபடத்தை மாலைக்குள் ஆடும் கோழியும் கலைத்துவிடும். தங்கள் அறிவைத் தந்த ஊருக்கு அதன் ஒரு படிகூட மிஞ்சுவதில்லை என்பது பெரிய அநீதி. ஒரு சார்ட் தாளில் அதைப் பெயர்த்து வரைந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டுவதற்கு ஒரு பிற்பகல் போதுமே.

நில உரிமை தொடர்பான வேலையில் இந்த ஒப்படைப்பு இன்னும் இன்றியமையாதது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வனநிலத்தில் வாழ்ந்து உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு அந்த நிலத்தின்மீது உரிமை வழங்குகிறது. மனு முதலில் கிராம சபைக்கும், பின்னர் உட்கோட்ட அளவிலான குழுவுக்கும், இறுதியாக ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரங்கள் வழங்குவது தடைப்பட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிய பிறகே வழி திறந்தது. இந்தச் சட்டத்தின் விதிகள் காகிதத்தை மட்டும் சான்றாகக் கேட்கவில்லை என்பது அதன் சிறப்பு: நிலத்தைச் சமன்செய்து போட்ட வரப்பு, பழைய கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம், எழுத்தில் பதிந்த முதியோரின் கூற்று ஆகியவையும் சான்றாகும். உட்கோட்ட அலுவலகத்தில் இருந்தபடி இவற்றைக் காண இயலாது. ஊர்க்கவுண்டரோடு காட்டோரம் நடந்து, மூன்று தலைமுறைக்கு முன் புதைத்த இடத்தையும் அதன் அருகில் நிற்கும் பலாமரத்தையும் பார்த்துவந்த பயிற்சியாளர், அந்த விவரத்தைத் தம் குறிப்பேட்டிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டால், மனு ‘சான்று போதவில்லை’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடக்கூடும். கிராம சபையின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 60 நாள்தான் காலம் என்பது மனுதாரருக்குத் தெரியாமலும் போகலாம்.

சாதிச் சான்றிதழிலும் இதே நிலைதான். பழங்குடியினருக்கான சான்றிதழை வட்டாட்சியர் வழங்க இயலாது. வருவாய்க் கோட்டாட்சியரே வழங்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படியேறிப் போகும் அந்த விண்ணப்பம் ஏதோ ஒரு படியில் தங்கிவிட்டால், மேற்படிப்பில் சேரக் காத்திருக்கும் பிள்ளைக்கு ஓராண்டே பறிபோகும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பின்னர், சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து வழக்கு எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவம், வாழ்வாதாரம் பற்றிய கேள்விகள் அங்கே எழுந்தன. அவற்றுக்கு விடை தேட வேண்டிய இடங்களுள் களத்தில் நடந்தவர்களின் குறிப்புகளும் உண்டு. எந்த ஊருக்குப் பேருந்து எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளியில் மழைக்காலத்தில் வருகை குறைகிறது, எந்தக் குடும்பங்கள் பிழைப்புக்காக எந்த மாதம் வெளியூர் போய் எந்த மாதம் திரும்புகின்றன என்பவை ஒருவர் கேட்டு எழுதியிருந்தாலும், அடுத்தவர் மீண்டும் முதலிலிருந்தே கேட்க வேண்டியிருக்கிறது. மலைமக்கள் ஒவ்வோராண்டும் புதிய முகத்திடம் பழைய பதிலையே சொல்லிச் சலித்துப்போகிறார்கள். அந்தச் சலிப்பை ஒத்துழையாமை என்று புதியவர் எழுதிவிடுவதும் நேர்கிறது.

ஆகவே, அறிக்கை எழுதும் பணியைக் கடைசிக்கு முந்திய வாரத்திலேயே முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் பயிற்சியாளரை மீண்டும் மலைக்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரும் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் அங்கேயேதான் இருக்கப்போகிறவர்கள். குறிப்பேட்டின் ஒரு படி அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். அதைவிட முன்னதாக, தம்மை நம்பி மனுக் கொடுத்த வீடுகளுக்குப் போய், மனு எண் என்ன, அது இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்ற மூன்றையும் ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்து, படிக்கத் தெரியாத வீட்டில் அதை இரண்டு முறை வாசித்தும் காட்டிவிட்டு, அதன்பின் அவர் கச்சிராயபாளையம் பேருந்தில் ஏறலாம்.