சத்தியம் செய்தும் கை நடுங்குவது ஏன்?

“இனிமேல் தொடமாட்டேன்” என்று மருதமலை முருகன் மீது சத்தியம் செய்கிறார் ஒருவர். மறுநாள் கை நடுங்குகிறது. வியர்த்துக் கொட்டுகிறது. மாலையில் மீண்டும் மதுக்கடை வாசலில் நிற்கிறார்.

“மானங்கெட்டவன்!” என்று ஊர் ஏசுகிறது.

ஏசிப் பயன் இல்லை. இது நோய். கோவையை அடுத்திருந்த சரவணம்பட்டி இன்று நகரத்தோடு சேர்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்துவிட்டன. கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவரானாலும், மூட்டை தூக்குகிறவரானாலும் இந்த நோய் பிடிக்கும் விதம் ஒன்றுதான்.

முதலில் அலுப்புத் தீர ஒரு கிளாஸ். மூளையில் ‘டோபமைன்’ சுரக்கிறது, சுகமாக இருக்கிறது. நாளடைவில் ஒரு கிளாஸ் போதவில்லை. மது தரும் மந்தத்தைச் சமாளிக்க மூளை தன்னை முறுக்கேற்றிக் கொள்கிறது. திடீரென்று மதுவை நிறுத்தினால், அந்த முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. நடுக்கமும் தூக்கமின்மையும் அதனால்தான்.

பேய் அல்ல!

சிலருக்கு ஓரிரு நாளில் வலிப்பு வரும். இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும். பேய் பிடித்ததாக எண்ணி மந்திரிக்க அழைத்துப் போகிறவர்களும் உண்டு. உயிரே போகக்கூடிய நேரம் அது! நெடுநாள் குடித்தவரை அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்தப் பார்ப்பது ஆபத்து. ஆஸ்பத்திரியில் நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தும் ‘பி1’ வைட்டமினும் கொடுத்துச் சில நாளில் தேற்றுகிறார்கள்.

இன்னொன்று. சாம்பாரில் யாருக்கும் தெரியாமல் கலக்கும் மாத்திரை! அதில் ‘டைசல்பிராம்’ இருந்தால், விஷயம் தெரியாமல் குடிப்பவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே உலை வைத்துவிடும். டாக்டர் சொல்லி, குடிப்பவரும் சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

மனைவிக்கும் சிகிச்சை

நடுக்கம் நின்ற பிறகுதான் பெரிய வேலை. அதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் சென்னை சாந்தி ரங்கநாதன். 1979-ல் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தார். மறு ஆண்டே கணவர் டி.டி.ரங்கநாதன் பெயரில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ பெற்றார். அங்கே மனைவியையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். ஏன்? கணவர் போதையில் கிடந்தால், “காய்ச்சல்” என்று வேலை இடத்துக்குச் சொல்லி அனுப்புகிறவர் அவர்தானே! கடனை அடைப்பவரும் அவரே. பாவம், காப்பாற்றுவதாக நினைத்துச் செய்கிறார். குடிப்பவருக்கோ சுடவே இல்லை.

2019-ல் வெளியான மத்திய அரசின் கணக்குப்படி, இந்தியாவில் மது அருந்துவோர் சுமார் 16 கோடிப் பேர். சிகிச்சை பெற்றவரும் மறுபடி குடிப்பதுண்டு. சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை ஏறினால் திரும்ப டாக்டரிடம் போவதில்லையா? அதைப் போல இவரையும் அழைத்துப் போகலாம். கோவை அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே கேட்க விரும்புவோருக்கு மத்திய அரசின் இலவச டெலிபோன் எண் 14446. மனைவியோ, தாயோ கூடப் பேசலாம்.